ஆர்க்கிடெக்டுக்கு எழுதிக் கொடுத்த ஏழு பக்கம்

சொந்த வீடு கட்டுவது என்று முடிவானதும் நான் செய்த முதல் வேலை, கட்டம் போட்ட நோட்டில் பிளான் வரைந்ததுதான். முன்னால் ஹால், இடதுபக்கம் சமையலறை, பின்னால் இரண்டு படுக்கையறை, மாடியில் ஒன்று, முன்பக்கம் பார்த்து ஒரு பால்கனி. நாலு ராத்திரி ஸ்கேலும் ரப்பருமாக உட்கார்ந்து வரைந்தேன். கூடவே ஒரு பட்டியல்: படுக்கையறை 3, கழிப்பறை 3, விருந்தாளி அறை 1, ஸ்டோர் 1. போனில் சேர்த்து வைத்திருந்த அறுபது சொச்சம் படங்கள் வேறு. இவ்வளவும் தயாராக இருப்பதால் ஆர்க்கிடெக்டுக்கு வேலை பாதியாகக் குறைந்துவிடும் என்ற நினைப்போடு போனேன்.

அவர் பிளானைப் பார்த்தார். பாராட்டவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. பென்சிலை எடுத்து ஒவ்வோர் அறையின் மேலும் "ஏன்?" என்று எழுதினார். ஹால் ஏன் முன்னால்? விருந்தாளி அறை ஏன்? மாடிப் படுக்கையறை யாருக்கு? முதல் இரண்டுக்கு, "எல்லா வீட்லயும் அப்படித்தானே இருக்கு" என்பதுதான் என்னிடம் இருந்த பதில். மூன்றாவதுக்கு அதுவும் இல்லை.

"இது நீங்க இப்போ குடியிருக்கிற வீடு சார். கொஞ்சம் பெரிசா வரைஞ்சிருக்கீங்க, அவ்வளவுதான்," என்றார்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். சமையலறை ஜன்னல்கூட அதே மூலையில் இருந்தது.

அவர் கேட்டது படம் இல்லை, எழுத்து. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களுடைய நாள் எப்படிப் போகிறது, எதில் விட்டுக்கொடுக்க முடியாது, கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை வார்த்தையில் எழுதித் தரச் சொன்னார். அந்தத் தொழிலில் இதற்கு பிரீஃப் என்று பெயர். தேவைக் குறிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் ரீபா என்ற கட்டடக் கலைஞர்கள் அமைப்பு 1963-இல் ஒரு வேலைத்திட்டத்தை வெளியிட்டு, அவ்வப்போது திருத்தி வருகிறது. 2020 பதிப்பில் 0 முதல் 7 வரை எட்டுக் கட்டங்கள். பிரீஃப் எழுதுவது 1-ஆம் கட்டம், வீட்டுக்கு ஓர் உருவம் வருவது 2-இல்தான். நானோ 2-ஐ முடித்துக்கொண்டு 0-க்கே போகாமல் நின்றிருக்கிறேன்.

எழுத உட்கார்ந்தால் முதல் வாக்கியமே தகராறு. "எங்களுக்கு வெளிச்சமான, காற்றோட்டமான வீடு வேண்டும்" என்று எழுதினேன். யாருக்குத்தான் இருட்டான, புழுங்குகிற வீடு வேண்டும் என்று தோன்றி அடித்துவிட்டேன். எங்கள் வீட்டிலேயே இருட்டு கேட்கிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்பது அப்போது உறைக்கவில்லை.

சரி, நாளைத்தானே எழுதச் சொல்கிறார், எழுதிவிடலாம் என்று ஒரு பெரிய தாளில் 24 கட்டம் குறுக்கே போட்டேன், மணிக்கு ஒன்று. நான்கு வரிசை, ஆளுக்கு ஒன்று. மனைவி நர்ஸ், மாதத்தில் பாதி நாள் இரவு ஷிஃப்ட். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன், அதில் மூன்று மணி நேரமாவது போனில் பேச்சு. அம்மாவுக்கு 71 வயது, வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. மகளுக்குப் பன்னிரண்டு, வயலின் கற்கிறாள். வாசிக்கிறாள் என்று சொல்லவில்லை, கற்கிறாள். தூங்கும் நேரத்துக்கு நீலம், சத்தம் போடும் நேரத்துக்குச் சிவப்பு. தாளைச் சமையலறைக் கதவில் ஒட்டி ஒரு வாரம் நிரப்பினோம்.

ஏழாவது நாள் தாளைக் கழற்றி மேஜையில் விரித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. மனைவியின் வரிசையில் காலை 9 முதல் 3 வரை நீலப் பட்டை. அதற்கு நேர் கீழே, 10 முதல் 1 வரை என் சிவப்பு. அதற்கும் கீழே 11 மணிக்கு அம்மாவின் டிவி. லீவு நாள் என்றால் வயலின். அழைப்பு மணி அடித்த ஒவ்வொரு தடவையும் ஒரு புள்ளி வைத்திருந்தோம். நீலப் பட்டைக்குள் மட்டும் ஒரு வாரத்தில் 19 புள்ளி. நான் வரைந்த பிளானில் அவள் தலைமாட்டுச் சுவரின் மறுபக்கம்தான் டிவி. எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், தூக்கம் வருதா என்று. "பழகிடுச்சுங்க" என்பாள். பழகியது காதில் அடைத்துக்கொள்ளும் பஞ்சு.

என் முதல் பட்டியலில் சத்தம் என்ற சொல்லே கிடையாது. அறை, அறையின் நீள அகலம், டைல்ஸ், பால்கனி எல்லாம் இருந்தன. யார் எந்த நேரத்தில் விழித்திருக்கிறார்கள் என்பது மட்டும் இல்லை.

இன்னொன்றும் அந்த வாரம் பிடிபட்டது. தாளை நிரப்பும் சாக்கில் ஒருநாள் இரவு நானும் விழித்திருந்தேன். 1.40-க்கு அம்மா எழுந்து கழிப்பறைக்குப் போனார்கள். லைட் போடவில்லை. வலது கை சுவரைத் தடவியபடி, ஹாலைச் சுற்றி, நிலைப்படி வந்ததும் நின்று, காலைத் தூக்கிவைத்துத் தாண்டி, அப்புறம் திரும்பவும் சுவரைப் பிடித்து. மறுநாள் எண்ணினேன்: 14 எட்டு. "ஏம்மா லைட் போடறதில்ல?" என்றால், "போட்டா எல்லாரும் முழிச்சுக்குவீங்களேடா" என்றார்கள். எத்தனை வருடமாக இப்படி என்று நான் கேட்கவில்லை.

அடுத்தது டேப். ஆர்க்கிடெக்ட் ஒரே ஒரு விஷயத்தைத்தான் அளக்கச் சொன்னார்: இருக்கிற சாமான்களை. அறையை அளக்காதீர்கள், அறைக்குள் என்ன போகிறதோ அதை அளங்கள் என்றார். ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. தொங்கவிடும் துணிகள் மனைவிக்கும் எனக்கும் சேர்த்து 11 அடி நீளம். புத்தகங்கள் 32 அடி. பெட்டிகள், தையல் மெஷின், மகளின் பழைய சைக்கிள், தூக்கிப்போட மனசில்லாத ஒரு டேபிள் ஃபேன். அளக்கும்போதே பாதியைக் கழித்துக் கட்டலாம் என்று ஆரம்பித்து, ஃபேனை மட்டும் கழித்தோம்.

அப்புறம் ஹால் தரையில் காகித டேப் ஒட்டி, பத்துக்குப் பத்து அறை ஒன்று போட்டோம். சொல்லும்போது தாராளமாகத்தான் இருக்கிறது. அலமாரியின் ஆழம் 2 அடி, கட்டிலின் நீளம் ஆறரை அடி. மிச்சம் ஒன்றரை அடி. அலமாரிக் கதவைத் திறக்க வேண்டும் என்றால் கட்டிலில் ஏறி நிற்க வேண்டும். மகள் அந்த டேப் அறைக்குள் படுத்துப் பார்த்துவிட்டு, "இதுல நான் மட்டும் இருக்கலாம், கதவு வேணாம்" என்றாள். வீடு கட்டப் போகிற யாரும் இந்த ஒன்றையாவது செய்து பார்க்கலாம். ஒரு ரோல் டேப்பும் அரை மணி நேரமும் போதும்.

அளந்ததையெல்லாம் வைத்து ஒவ்வோர் அறைக்கும் எவ்வளவு இடம் என்று போட்டுக் கூட்டினேன்: 1,310 சதுரடி. எங்கள் பட்ஜெட் தாங்குவது சுமார் 1,500. அப்பாடா, 190 கையில் நிற்கிறது என்று சந்தோஷமாக அனுப்பினேன். பதில் ஒரு வரி: "சுவர், நடை, படிக்கட்டு எங்கே சார்?" அறைகளை மட்டும் கூட்டினால் வீடு வராது. சுவரின் கனம், ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கும் இடம், படி, இவற்றுக்கு மேலே கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை சேர்க்க வேண்டும் என்றார். என் 1,310, 1,700-ஐத் தொட்டுவிட்டது. 190 மிச்சம் என்றிருந்தது, 200 துண்டு விழுந்தது.

இங்கேதான் வீட்டுக்குள் நிஜமான பேச்சுவார்த்தை தொடங்கியது. எதை வெட்டுவது? ஆளுக்கு ஓர் ஆசை, எல்லாமே அவசியம். கடைசியில் தையல் டப்பாவைக் கொட்டி ஆளுக்குப் பத்துப் பொத்தான் கொடுத்தேன். பதினேழு ஆசைகளைச் சீட்டில் எழுதித் தரையில் பரப்பினோம். யாரும் யாரிடமும் பேசக் கூடாது, பொத்தானை வைத்துவிட்டுப் போய்விட வேண்டும்.

மனைவி ஒன்பதைப் பகல் தூக்கத்தில் வைத்தாள். மிச்சம் ஒன்று, செடி வைக்க இடம். அம்மா ஆறு பொத்தானைப் பக்கத்திலேயே கழிப்பறை என்ற சீட்டில் வைத்தார்கள், எதிர்பார்த்ததுதான். மற்ற நான்கு, "சமையலறையில் உட்கார ஓர் இடம்". அது மகள் விளையாட்டாக எழுதிப் போட்ட சீட்டு. நின்று சமைக்க முடியவில்லை என்றாலும் கூட இருக்க வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. மகள், வயலினைச் சத்தமாக வாசிக்க ஓர் இடத்துக்கு ஐந்தும், உட்கார்கிற மாதிரி ஜன்னலுக்கு ஐந்தும். நான் வேலை அறைக் கதவுக்கு ஆறு, புத்தகத்துக்கு நான்கு.

முன்பக்கப் பால்கனிக்கு ஒரு பொத்தான்கூட விழவில்லை. நோட்டில் அதற்குக் கைப்பிடிக் கம்பி முதற்கொண்டு வரைந்து வைத்திருந்தவன் நான். எனக்கே பத்தில் ஒன்றை அதற்குத் தரத் தோன்றவில்லை.

விருந்தாளி அறைக்கும் பூஜ்யம்தான், ஆனால் அம்மா அதை விடவில்லை. "வந்தவங்களைத் தரையிலயா படுக்கச் சொல்லுவ?" உட்கார்ந்து எண்ணினோம். போன வருடம் முழுக்க யாராவது தங்கிய ராத்திரிகள் 11. பதினொரு ராத்திரிக்காக 120 சதுரடி, சுவர் கணக்குத் தனி. அதனால் குறிப்பில் இப்படி எழுதினேன்: "வருடத்தில் பத்துப் பதினைந்து இரவுகள் இருவர் வசதியாகப் படுக்க வேண்டும். தனி அறை வேண்டியதில்லை. என் வேலை அறை அதற்குப் பயன்படலாம். கதவு சாத்த முடிய வேண்டும், கழிப்பறைக்குப் போக யாருடைய படுக்கையறையையும் கடக்கக் கூடாது." அம்மாவுக்கு அந்தக் கடைசி வரி போதுமானதாக இருந்தது.

அம்மாவுக்கான பக்கத்தை எழுதியபோது எனக்குத் திட்டு விழுந்தது. வீல்சேர் ஒரு வட்டம் திரும்ப ஐந்தடி விட்டம் தேவை, கதவின் திறப்பு 32 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, சாய்தளம் என்றால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று வரிசையாக எழுதி வைத்திருந்தேன். எட்டிப் பார்த்துவிட்டு, "இப்பவே என்னை வீல்சேர்ல உட்கார வெச்சுட்டியா?" என்றார்கள். அப்புறம் தலைப்பை மாற்றினேன்: "பத்து வருடம் கழித்து". நானும் அப்போது இன்றைய வயதில் இருக்க மாட்டேனே. ஆனால் இந்தக் கணக்குகளை முன்னாலேயே போட வேண்டியிருக்கிறது. தரைமட்டத்தை ஒன்றரை அடி உயர்த்தினால் சாய்தளம் 18 அடி நீளும். மனையின் முன்பக்கத்தில் அந்த இடத்தை இன்றைக்கு விடாவிட்டால் பிறகு எங்கே தேடுவது? கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். உள்ளே விழுந்தவர் கதவுமேல் சாய்ந்து கிடந்தால் உட்பக்கம் திறக்கும் கதவை யாராலும் தள்ள முடியாது. கைப்பிடி மாட்டப்போகும் சுவரில் அந்த உயரத்தில் தண்ணீர்க் குழாயோ ஒயரோ போகக் கூடாது என்றும் ஒரு வரி.

பட்ஜெட் பக்கத்தில் நான் ஒரு சின்னத் திருட்டுத்தனம் செய்தேன். உண்மையில் இருப்பதைவிடப் பதினைந்து சதவீதம் குறைத்து எழுதினேன். எப்படியும் மேலே இழுப்பார்கள், அப்போது சரியாக வரும் என்ற சாமர்த்தியம். அவர் அதைப் படித்துவிட்டுக் கேட்டார்: "இதுல என் ஃபீஸ், அனுமதிக் கட்டணம், வரி, சுற்றுச்சுவர், தண்ணி, கழிவுநீர், கரண்ட் இணைப்பு, அலமாரி எல்லாம் உண்டா? வெறும் கட்டடம் மட்டுமா?" நான் வெறும் கட்டடத்தைத்தான் நினைத்திருந்தேன். மறைத்து வைத்த பதினைந்து சதவீதம் அந்தப் பட்டியலுக்கே காணவில்லை. எல்லாவற்றையும் திறந்து வைத்துத் திரும்ப எழுதினோம். மொத்தத் தொகை, அதற்குள் எது எது அடக்கம், எது அடக்கம் இல்லை, எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதம் தனியாக. அமெரிக்காவில் இல்லினாயில் 1951-இல் முடிந்த ஒரு கண்ணாடி வீடு உலகப் புகழ் பெற்றது. அதைக் கட்டச் சொன்ன டாக்டர் எடித் ஃபார்ன்ஸ்வொர்த்தும் ஆர்க்கிடெக்ட் மீஸ் வான் டெர் ரோவும் கடைசியில் பணத் தகராறில் கோர்ட்டில் நின்றார்கள். நமக்குப் புகழும் கிடைக்கப் போவதில்லை, தகராறாவது இல்லாமல் இருக்கட்டும்.

இப்போது இரண்டு பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். முதல் வரைவில் இருந்தது:

"மாஸ்டர் பெட்ரூம் 12க்கு 14, அட்டாச்டு பாத்ரூமுடன்."

ஐந்தாவது வரைவில் அதே அறை:

"மாதத்தில் 12 முதல் 15 நாள் ஒருவர் இங்கே காலை 9 முதல் 3 வரை தூங்குவார். அந்நேரம் கதவைச் சாத்தினால் கை விரல் தெரியாத இருட்டு வேண்டும். மற்ற நாட்களில் இதே அறைக்குக் காலை வெளிச்சம் வேண்டும். அழைப்பு மணி, டிவி, வயலின், போன் பேச்சு, தண்ணீர் மோட்டார் எதுவும் தூக்கத்தைக் கலைக்கக் கூடாது. அவர் தூங்கும்போது மற்றவர் உள்ளே வராமலேயே தன் துணியை எடுக்கவும் குளிக்கவும் முடிய வேண்டும். இரண்டு பேருக்கும் 11 அடி நீளத்துக்குத் துணி தொங்க இடம்."

இதில் நீளமும் அகலமும் இல்லை, திசையும் இல்லை. முதலில் "இந்த அறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இரண்டு கதவு வேண்டும்" என்றும் எழுதியிருந்தேன். அவர் அந்த வரியை மட்டும் வட்டம் போட்டு, "இது என் வேலை" என்று எழுதி அனுப்பினார். தூக்கம் கெடக் கூடாது என்பது உங்கள் பக்கம், எப்படி என்பது என் பக்கம் என்றார். நியாயம்தான். ஆனால் முழுக்க விட்டுவிடவும் எனக்குத் தைரியம் இல்லை. பென்சில்வேனியாவில் காஃப்மன் குடும்பம் 1930-களில், அருவியைப் பார்த்தபடி வீடு வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தது. ஃபிராங்க் லாயிட் ரைட் வீட்டை அருவியின் மேலேயே கொண்டுபோய் வைத்தார். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். நான் அவ்வளவு பெரிய மனசுக்காரன் இல்லை. அதனால் "இவற்றில் மாற்றம் என்றால் முதலில் எங்களிடம் கேட்கவும்" என்று கடைசிப் பக்கத்தில் நாலு வரி வைத்துக்கொண்டேன்.

மனை பற்றிய பக்கம் சீக்கிரம் முடிந்தது. சர்வே வரைபடம், நாலு பக்கமும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்ற விதி, இருக்கிற மரத்தின் இடம், மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் மூலை, பக்கத்து வீட்டு ஜன்னல்கள் எங்கே இருக்கின்றன என்பது. காலை, மதியம், சாயங்காலம் என மூன்று நேரம் போய் நின்று வெயிலையும் சத்தத்தையும் குறித்தேன். சாயங்காலம் போகாமல் இருந்திருந்தால் பக்கத்து வீட்டு மோட்டார் ஓடுவது தெரிந்திருக்காது. மேற்கு வெயில் தாழ்ந்து வருவதால் ஜன்னலுக்கு மேலே நீட்டும் சன்ஷேடு அதற்குப் பெரிதாக உதவாது என்பதும் அங்கே கண்ணைக் கூசவைத்துத்தான் புரிந்தது.

அறுபது படங்களை என்ன செய்வது? பிடித்ததில் ஐந்து, பிடிக்காததில் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று ஒரு வரி, அவ்வளவுதான் கேட்டார். பிடித்த ஐந்திலும் ஜன்னலோரம் யாராவது உட்கார இடம் இருந்தது. பிடிக்காத ஐந்திலும் தரை கண்ணாடி மாதிரி மின்னியது. வழுக்கும் என்ற பயம் படம் பார்க்கும்போதே வந்துவிட்டதுபோல.

குறிப்பு ஏழு பக்கத்தில் நின்றது. அனுப்பிய பத்தாவது நாள், தான் புரிந்துகொண்டதை இரண்டு பக்கத்தில் அவர் திருப்பி எழுதி அனுப்பினார். இதை எல்லா ஆர்க்கிடெக்டும் செய்வார்களா தெரியாது, செய்யாவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். ஏனென்றால் "சமையலறை திறந்ததாக இருக்க வேண்டும்" என்று நான் எழுதியதை, ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் சுவரே வேண்டாம் என்று அவர் புரிந்துகொண்டிருந்தார். நான் சொல்ல வந்தது, சமைப்பவர் பேச்சிலிருந்து ஒதுங்கிப்போகக் கூடாது என்பது. பக்கத்திலேயே அவர் கேள்வியும் இருந்தது: மூன்றாம் பக்கத்தில் சமையலறைச் சத்தம் படுக்கையறைக்குக் கேட்கக் கூடாது என்கிறீர்கள், ஐந்தாம் பக்கத்தில் திறந்த சமையலறை என்கிறீர்கள், இரண்டில் எது ஜெயிக்க வேண்டும்? தூக்கம்தான் என்று எழுதினேன். அம்மாவின் நாற்காலிக்கு இடம் விட்டு, ஹாலைப் பார்க்கும் சுவரில் தள்ளித் திறக்கிற ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல் வந்தது. என் அறுபது படங்களில் அது இல்லை.

போன வாரம் முதல் ஸ்கெட்ச் கைக்கு வந்தது. படுக்கையறைக்கும் மற்ற வீட்டுக்கும் நடுவில் துணி அலமாரியும் குளியலறையும் நிற்கின்றன. இரண்டுக்கும் நடையிலிருந்தே தனி வழி. சத்தம் வந்தால் முதலில் துணியில் முட்ட வேண்டும். மனைவி அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "மோட்டார் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

அம்மாவின் அறையை மறுபடி ஹாலில் டேப் ஒட்டிப் போட்டோம். லைட்டை அணைத்துவிட்டு அம்மாவை நடக்கச் சொன்னேன். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை 5 எட்டு, நிலைப்படி இல்லை. இரண்டு தடவை போய்வந்துவிட்டு, இல்லாத சுவரில் வலது கையை வைத்தபடி நின்றார்கள். "சுவிட்சை இந்தப் பக்கம் வெச்சுடாதடா. இந்தக் கை சுவரைப் பிடிச்சிருக்கும். இடது கைக்கு எட்டற மாதிரி இருக்கட்டும்."

ஆறாம் பதிப்பு, நான்காம் பக்கம், கீழிருந்து மூன்றாவது வரியில் அது ஏறியிருக்கிறது.